அட்டை இல்லாத தீவு

அன்புள்ள ராஜி,

மாவடு வந்து சேர்ந்தது. ஜாடி உடையாமல் வந்ததுதான் அதிசயம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலைக் காம்பெல்லாம் தெரிகிறதாம், தினம் ஒரு புகார்.

'ரிட்டயராகி என்னடி பண்றே' என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, நாவல் எழுதுகிறேன். ஒரு கற்பனைத் தீவு; அங்கே பாலியல் தொழில் சட்டப்படி நடக்கிறது. துறைமுகத் தெரு, நகராட்சி உரிமம், வாராவாரம் மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொருத்திக்கும் போட்டோ ஒட்டிய அட்டை. முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவளுக்கு வேறென்ன தோன்றும்? முதல் அத்தியாயத்திலேயே ரிஜிஸ்டரைத் திறந்துவிட்டேன்.

அப்புறம்தான் நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பால்வினை நோய்ப் பிரிவில் நீ டியூட்டி பார்த்தபோது, ஒரே பெண் மாசத்துக்கு ஒரு பெயரில் ஓ.பி. சீட்டு வாங்குவாள் என்றாயே. அவள் என் தீவில் அட்டைக்கு வரிசையில் நிற்பாளா? வெள்ளைக்காரன் 1868-ல் இங்கே செய்து பார்த்ததும் இதைத்தான். பெண்கள் பெயரைப் பதியவேண்டும், பரிசோதனைக்கு வரவேண்டும், நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைப்பு. வந்துபோகிற ஆண்களுக்கு ஒன்றும் கிடையாது. 1888-ல் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். ஜெர்மனியில் 2017-லிருந்து பதிவு கட்டாயம். பதியாதவர்கள் இன்னும் ஏராளம்.

நியூசிலாந்தில் வேறு வழி. 2003-ல், 60-க்கு 59 ஓட்டில், மயிரிழையில் நிறைவேறிய சட்டம். விடுதி நடத்துபவருக்குத்தான் சான்றிதழ், வேலை செய்பவளுக்கு அட்டை இல்லை. நாலு பேர் வரை முதலாளி இல்லாமல் சேர்ந்து செய்தால் அந்தச் சான்றிதழும் வேண்டாம். நம்மூர் 1956 சட்டத்திலோ இரண்டு பேர் ஒரு வீட்டில் சேர்ந்து செய்தாலே அது விடுதி; விடுதி நடத்துவது குற்றம். அம்மாவின் வருமானம் எது என்று தெரிந்தே அதில் சாப்பிடும் மகன், 18 வயது தாண்டிவிட்டால் குற்றவாளி! ஆக, அவள் தனியாகவே இருக்கவேண்டும். ஆபத்தும் அங்கேதானே, ராஜி? நியூசிலாந்தையும் ரொம்பப் புகழ மாட்டேன். தற்காலிக விசாவில் வந்தவள் அங்கே இந்தத் தொழில் செய்யக்கூடாது. அடி வாங்கினாலும் போலீஸுக்குப் போகப் பயப்படுபவள் அவள்தான்.

ரிஜிஸ்டரைக் கிழித்துவிட்டேன். பதிலாக பெல்ஜியத்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததைத் தீவுக்குக் கொண்டுவந்தேன்: வேலை ஒப்பந்தம், பிரசவ விடுப்பு, பிடிக்காத வாடிக்கையாளரை மறுக்கும் உரிமை. மறுத்தாள் என்று வேலையைவிட்டு நிறுத்தக்கூடாது. சட்டமாக எழுத இரண்டு வரி போதும். காட்சியாகத்தான் வரமாட்டேன் என்கிறது. என் நாயகி 'இவர் வேண்டாம்' என்கிறாள். முதலாளி 'சரி' என்று நோட்டைப் புரட்டவேண்டும். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் அவன் கை ஓங்குகிறான். தீவு கற்பனை, கை மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

நீ அவர்களோடு பேசிப் பழகியவள். எப்படிப் பேசுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று எழுது. பெயர் எதுவும் வேண்டாம்.

ஜாடியை அனுப்ப மாட்டேன். நேரில் வந்து வாங்கிக்கொள்.

உன்,
கல்யாணி