கசப் என்றால் கசப்பு இல்லை அம்மா

கசப்,
ஓமான்.

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சியை விட்டு எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன், கோபிக்காதீர்கள். போனில் பேசலாம்தான். சிக்னலுக்காகக் கோயில் மேட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, ஹலோ சொன்னதும் அழத் தொடங்கிவிடுகிறீர்களே.

டிவியில் ஹோர்முஸ் ஹோர்முஸ் என்கிறார்களே, நீ இருப்பது அங்கேதானா என்று கேட்டிருந்தீர்கள். இங்கேதான். பயப்பட ஒன்றுமில்லை. ஹோர்முஸ் என்பது ஒரு கடல் இடுக்கு. வடக்கே ஈரான், தெற்கே நாங்கள். ஒடுங்கிய இடத்தில் நடுவில் இருக்கிற கடல் 33 கிலோமீட்டர்தான். கப்பல் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, ஒவ்வொன்றும் 2 கடல் மைல் அகலம். உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு வழக்கமாக இதற்குள்தான் போகும். எண்ணெயே தெரியாத காலத்திலும் இந்த வாசலுக்கு அடிபிடிதான். நம் கொழும்புக்கு வந்த அதே போர்த்துக்கீசர் 1507இல் ஹோர்முஸ் தீவில் வந்து இறங்கினார்கள். 1622இல் பாரசீக ஷா இங்கிலீஷ்காரனைத் துணைக்குச் சேர்த்து அவர்களை விரட்டினார். போர்த்துக்கீசர் கட்டிய கோட்டை இங்கே கசப் ஊரில் இன்னும் நிற்கிறது.

மலையும் உண்டு, நேரே கடலுக்குள் இறங்குகிற மலை. ஆனால் புல் பூண்டு கிடையாது.

பக்கத்து வீட்டுக் கிழவர் கும்சார்காரர். அந்த ஊருக்கு ரோடே இல்லை, படகில்தான் போக வேண்டும். அவர் ஆட்டுக்குக் காய்ந்த மத்தி மீன் போடுகிறார்! ஆடு முறுக்குத் தின்கிற மாதிரி நொறுக்கித் தின்கிறது. அந்தப் பாலில்தான் எனக்குத் தேத்தண்ணி. கருவாட்டு வாசம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவேன், தனியாகக் குடிப்பதற்கு அது பரவாயில்லை.

படகில் சமையல் வேலை சுகமாகத்தான் போகிறது. போன வாரம் இரவு திரும்பும்போது எண்ணெய்க் கப்பல்கள் விளக்கோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நொடி சிவனொளிபாத மலை சீசன் விளக்கு என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் சட்டி கழுவ முடியவில்லை அம்மா.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கிற கடலும் கிட்டத்தட்ட இதே அகலம்தான். தாத்தா அதைத் தாண்டி வந்தார். பெரியப்பா, தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அதையே தாண்டித் திரும்பிப் போனார், ஒரே ஒரு கடிதம் போட்டார். அப்பா அதை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாரா?

சம்பளம் ஒழுங்காக வருகிறது. இந்த மாதம் மட்டும் சுற்றுலாக்காரர் குறைவு, பணம் பிந்தும். அடகுக் கடையில் பத்து நாள் தவணை கேளுங்கள். அப்பாவை அனுப்பாதீர்கள், சண்டை பிடித்துவிட்டு வருவார், மாமா போகட்டும்.

ஹட்டன் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தைக்குப் பிறகு என்று மட்டும் சொல்லுங்கள், தேதி கொடுக்க வேண்டாம். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அவள் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நம் காம்பரா வீட்டுக் கூரைத் தகரத்துக்குக் காற்றுக் காலத்துக்கு முன்னே இன்னும் நாலு கல் ஏற்றச் சொல்லுங்கள், தம்பியை ஏற விடாதீர்கள்.

உங்கள் மகன்