ஆர்12 டிஎக்ஸ்எஃப் அனுப்பும் முன் ஒரு நிமிடம்

வணக்கம் நண்பர்களே. லேசர் கட்டிங்காரர் ஆர்12 டிஎக்ஸ்எஃப் (வரைபடத்தை மற்ற மென்பொருள்களும் படிக்கும்படி சேமிக்கும் கோப்பு வடிவம், அதன் பழைய பதிப்பு) கேட்டார் என்று முழு வரைபடத்தையும் அப்படியே சேவ் ஆஸ் கொடுத்து இங்கே போடாதீர்கள். நேற்று வந்த ஃபைல் இறங்குவதற்குள் எனக்கு டீயே ஆறிப்போய்விட்டது.

ஆர்12 என்பது வரைபட மென்பொருளான ஆட்டோகேடின் 1992-இல் வந்த பதிப்பு. அதற்கு ஸ்ப்லைனும் (நெளிவான வளைகோடு) தெரியாது, எலிப்ஸும் (நீள்வட்டம்) தெரியாது. இந்த வளைவெல்லாம் குட்டிக் குட்டித் துண்டுகளாக உடைந்து பாலிலைன் (கோட்டுத் துண்டுகளின் தொடர்) ஆகிவிடும். ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோடுகள்) இன்னும் மோசம், ஒவ்வொரு கோடும் தனித்தனியாகப் பதிவாகும். போதாக்குறைக்கு, டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்துக் கோப்பு. வீங்காமல் என்ன செய்யும்?

அதனால் வெட்டத் தேவையில்லாத ஹேட்ச், அளவுக் குறிப்புகளை அழித்துவிடுங்கள். நகலில்தான், ஒரிஜினலில் கை வைக்க வேண்டாம்! ஒருமுறை ஓவர்கில் (ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் கட்டளை), பிறகு பர்ஜ் (பயன்படாமல் கிடப்பவற்றை நீக்கும் கட்டளை). சேவ் செய்யும்போது ஆப்ஷன்ஸில் தசம இடங்கள் 16 என்று இருக்கும்; மில்லிமீட்டர் வேலைக்கு 4 தாராளம். அங்கேயே செலக்ட் ஆப்ஜெக்ட்ஸை டிக் செய்தால் தேர்ந்தெடுத்த பாகம் மட்டும் போகும்.

அப்புறம், ஜிப் செய்து போடுங்கள். எழுத்துக் கோப்பு நன்றாகவே சுருங்கும்.