நிப்பா பற்றி நீ கேட்டது

ரந்தாவ்

அன்புள்ள கோபாலு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை கிள்ளானில் வெள்ளம் உன் வீட்டுக்குள் வரவில்லை என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்கு நீலாயில் வேலை கிடைத்துவிட்டது. தோட்டத்தில் மிச்சமிருந்த லயங்களையும் உடைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டு வரிசையில் இப்போது செம்பனைக் கன்று நிற்கிறது.

சரி, நிப்பா விஷயத்துக்கு வருகிறேன். வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்து மூளையை வீங்கவைத்த அந்த வைரஸ் நோய்தான். கொசு மருந்து அடித்தும் ஊசி போட்டும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருந்தாய். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் ஆரம்பித்தபோது அதை ஜேஇ, அதாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நம்பி, அதற்குரிய மருந்தும் ஊசியும் போட்டார்கள். ஜேஇ கொசுவால் வருவது, பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். அந்தப் பன்றிகளை விற்றுக் கைமாற்றியதில்தான் நோய் நம் புக்கிட் பெலாண்டோக் வரை வந்தது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி தெரிந்தது. நோய் அடங்குவதற்குள் நாட்டில் மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம், அது உயிரணுவுக்குள் புகும் விதம். வைரஸால் நகரவோ தேடவோ முடியாது. மிதந்துபோய் எதிலாவது முட்டும். தனக்கு ஏற்ற மூலக்கூறு அந்த உயிரணுவின் மேல் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். நிப்பாவுக்கு ஏற்றது எஃப்ரின் பி2 என்ற புரதம். இது 2005இல்தான் தெரியவந்தது. இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் அது நிறைய இருக்கிறது. மூளை ஏன் வீங்கியது என்பதற்குப் பாதி விடை இதுதான். குழாயும் நரம்பும் ஒழுங்காக வளர அது வேண்டும், ஆகவே உடம்பால் அதைக் கைவிட முடியாது. வௌவால், பன்றி, மனிதன் மூவரிடமும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் சுலபம்.

பூட்டும் சாவியும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்களே, எனக்கு அது போதவில்லை. சாவி உருமாறுவதில்லை. இங்கே வைரஸின் மேலுள்ள ஜி புரதம் எஃப்ரினில் ஒட்டியதும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த அசைவு பக்கத்திலுள்ள எஃப் புரதத்தைத் தட்டிவிடுகிறது. எஃப் நீண்டு உயிரணுவின் சவ்வில் குத்துகிறது. பிறகு தானே மடங்கி இரண்டு சவ்வுகளையும் நெருக்கி இழுக்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் வைரஸின் மரபுப்பொருள் உள்ளே. இன்னொன்று கேள்: வெட்டுப்படாத எஃப் புரதம் ஒன்றுக்கும் உதவாது. அதை வெட்டித் தயார்செய்வது கதெப்சின் எல் என்ற நொதி. அது வைரஸுடையது இல்லை, நம் உயிரணுவுடையது!

ஜேஇ வைரஸ் வேறு மாதிரி. உயிரணு அதை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலம் ஏறினால்தான் அதன் சவ்வு இணையும். நிப்பாவுக்கு அமிலம் வேண்டாம். பாதித்த அணுவின் மேலேயே ஜியும் எஃப்பும் முளைத்துவிடுவதால், அது பக்கத்து அணுவோடு சேர்ந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய அணுவாகிவிடுகிறது. இரத்தக் குழாய்ச் சுவரில் இது நடந்தால் குழாய் அடைபடும், அதற்கு அப்பாலுள்ள மூளைத் திசு செத்துப்போகும். மீதிப் பாதி விடை இது. ஜேஇ ஊசியால் வரும் எதிர்ப்புப்பொருள் ஜேஇ வைரஸைத்தான் பிடிக்கும். நிப்பாவின் ஜி அதற்கு முற்றிலும் அந்நியம்.

ஒட்டும் புரதத்தையே மறித்தால் போதும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. நிப்பாவுக்கு நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸின் ஜி புரதத்தை மட்டும் வைத்து, ஆஸ்திரேலியாவில் 2012இல் குதிரைகளுக்குத் தடுப்பூசி கொண்டுவந்தார்கள். மனிதருக்கு நிப்பா ஊசி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.

உன் பேத்தி இதைப் படித்துவிட்டு இன்னும் கேள்வி கேட்டால் எழுதச் சொல். அப்புறம், பள்ளிக்கூடப் படம் ஒன்று உன்னிடம் இருக்கிறது என்றாயே, அதைப் பிரதி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
செல்வம்