கரடி சாதுவான பிராணியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் சிறுவர் பக்கத்தில் "கரடியும் முதலையும் மோதினால் வெல்வது யார்?" என்றொரு பகுதி வந்தது. இரண்டு படங்கள், நடுவே ஒரு அட்டவணை, நிறைக்கு இத்தனை புள்ளி, பல்லுக்கு இத்தனை, நகத்துக்கு இத்தனை. கடைசியில் "கரடி பழமும் தேனும் உண்ணும் சாதுவான பிராணி என்பதால் வெற்றி முதலைக்கே" என்று முடித்திருந்தீர்கள். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். அந்த வசனம் மனதை விட்டுப் போகவில்லை.

அதை எங்கள் வீட்டு விறாந்தையில் உரத்து வாசித்தவன் என் அண்ணரின் பேரன், நாலாம் வகுப்புப் படிக்கிறான். "சாது எண்டா என்ன அப்பப்பா?" என்று கேட்டான். "ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாதது மோனை" என்றார் அண்ணர். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தின் இடப்பக்கத்தை மூடிக்கொண்டார். வெளியாட்கள் வந்தால்தான் அவர் அப்படி மூடுவார். வீட்டுக்குள் மூடி நான் கண்டதில்லை.

2004ஆம் ஆண்டு ஆனி மாதம் அது. பாலைப்பழக் காலம். பாலைப்பழத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியோரம் விற்பார்கள், பால் ஒட்டாமலிருக்க உதட்டில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தின்போம். நானும் அண்ணரும் எங்கள் வன்னியில் வவுனிக்குளத்துப் பக்கக் காட்டுக்குள் பழம் பொறுக்கப் போனோம். அவர் முன்னால், நான் ஒரு இருபது முழம் பின்னால். பற்றைக்கு அப்பால் தண்ணி இறைக்கிற மெசின் காற்றிழுப்பதுபோல ஒரு சத்தம். கரடி கறையான் உறிஞ்சுகிற சத்தம் அது. மேல் முன்பல் இரண்டு கரடிக்கு இல்லை. அந்த இடைவெளியால் புற்றுக்குள் ஊதி ஊதி உறிஞ்சும். கண்பார்வை மட்டு, காதும் அவ்வளவு கூர்மையில்லை. தின்கிற நேரம் ஆள் கிட்டப் போவது அதற்குத் தெரியாது. சத்தம் இன்னதென்று எங்களுக்கு விளங்கியபோது அது திரும்பிவிட்டது.

அது ஓடவில்லை. இரண்டு காலில் எழும்பி நேரே அண்ணரின் முகத்தைப் பிடித்தது. நான் கத்தினேன். கையில் கோடரி இருந்தது. எறிந்தால் அண்ணருக்குப் பட்டுவிடும் என்று பயந்தேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பத்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது. பற்றைக்குள் நின்ற குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு அது போய்விட்டது. அண்ணரை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்திக்கொண்டு போனோம். இடது கண் போய்விட்டது. கன்னத்தில் 41 தையல். இப்பவும் தேத்தண்ணி குடிக்கும்போது தலையை வலப்பக்கம் சாய்த்துத்தான் குடிப்பார், இல்லாவிட்டால் ஒழுகும். பிள்ளைகளின் கலியாணப் படம் ஒன்றில்கூட அவர் இல்லை.

உதவிப் பணம் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு மூன்று தரம் போனோம். கடித்தது கரடிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். அவர் துவாயை எடுத்துக் காட்டினார். கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், படிவத்தில் ஒன்றும் எழுதவில்லை. பிறகு யுத்தம், இடப்பெயர்வு. அந்தக் கடதாசிகளும் போயின.

அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரடிக்கு 400 கிலோ என்று போட்டிருந்தீர்கள். அது அமெரிக்கக் காட்டுப் பழுப்புக் கரடியின் கணக்கு, படமும் அதுவே. எங்கள் கரடி நூறு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கறுப்புச் சடை, நெஞ்சில் வெள்ளை வளைவு, விரலளவு நகம். வன்னிப் பிள்ளைகள் வாசிக்கிற பத்திரிகையில் வன்னிக் கரடியின் படம் ஒன்று போடக் கிடைக்கவில்லையா? கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தி எங்கே என்று தங்களுக்குத் தெரியும். ஒரு ஊர் அந்தப் பெயரைச் சும்மா சுமக்கவில்லை, ஐயா.

முதலைக்கும் நியாயமில்லை. குளத்துக்குள் அதை வெல்ல ஆளில்லை என்பது சரி. ஒரு தரம் கவ்வி ஆழத்துக்குள் இழுத்து உருட்டினால் கன்றுக்குட்டி என்ன, நாம்பனும் போய்விடும். கரைக்கு ஏறிவிட்டால் கதை வேறு. எங்கே நின்று மோதுகின்றன என்று கேட்காமல் வெற்றி தோல்வி எப்படிச் சொல்வது? ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும்போது விடிய முந்திப் போய்ப் பார்த்தால் சேற்றில் இரண்டின் தடமும் இருக்கும். கரடியின் பின்கால் தடம் மனிதக் கால் போலவே தெரியும், முன்னால் நகம் குத்திய புள்ளிகள். பக்கத்திலேயே முதலை வயிற்றை இழுத்துப் போன கோடு. நாற்பது வருடமாக அந்தத் தடங்களைப் பார்க்கிறேன். அவை சண்டை பிடித்து நான் கண்டதில்லை. ஒன்று தண்ணி குடித்துவிட்டுப் போகும், மற்றது தண்ணிக்குள் கிடக்கும்.

2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்றபோது தாங்கள் எழுதியதையும் நான் மறக்கவில்லை. கொன்றது பிழை, அதைப் படம் பிடித்துப் பரப்பியது அதைவிடப் பிழை. அன்று காலையில் காயப்பட்டவர்களைப் பற்றி எத்தனை வரி எழுதினீர்கள்? மிருகத்தோடு சீவிக்கிற சனத்தைக் கொடியவர்கள் என்று ஒரு நாளும், அந்த மிருகத்தைச் சாது என்று இன்னொரு நாளும் எழுதுகிறீர்கள். வயலுக்கு வருகிற ஆனையை விரட்ட ஆனைவெடி கேட்டு அலைகிற கமக்காரரைப் பற்றிப் போன வருடம் நான் அனுப்பிய கடிதம் வரவேயில்லை. இதுவும் வராமல் போகலாம்.

கரடியில் எனக்குக் கோபமில்லை. அது எங்களைத் தின்ன வரவில்லை, பயந்துபோய்ப் பாய்ந்தது. அண்ணரும் அதையேதான் சொல்வார். சாது என்று படித்த பிள்ளை நாளைக்குப் பாலைக்கு அடியில் அதைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்க்குமே என்பதுதான் என் பயம்.

ஆகவே அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடும்படி பணிவாகக் கேட்கிறேன். வருகிற வைகாசியில், பழக்காலத்துக்கு முன்பு, ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் போடுங்கள்: காட்டுக்குள் தனியே போகாதே, கதைத்துக்கொண்டு போ, புற்றடியில் சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்பு, பாய்ந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மறைத்துக் குப்புறப் படு. நாலு வரி போதும்.

பெடியன் அந்தப் பக்கத்தை வெட்டித் தன் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறான். திருத்தம் வந்தால் ஒட்டுவதற்குப் பக்கத்துத் தாளை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
வவுனிக்குளம்.