குட்டிப் பீரங்கி வாங்கிய பாப்பாவுக்கு

பாப்பா,

நீ அனுப்பிய வீடியோ பார்த்தேன். ஒரு முழம்கூட இல்லாத பித்தளைக் குழலுக்கு அவ்வளவு சத்தமா! அம்மா "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று திட்டிக்கொண்டே இருந்தாள், நான் காதில் வாங்காமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடலூரில் பிறந்தவளுக்குப் பீரங்கி ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம்? 1690-ல் இங்கிலீஷ்காரன் மராட்டியரிடம் நம்ம தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலம் என்று பேசித்தானே வாங்கினான். குண்டு உப்பலவாடி கிராமத்துப் பக்கம் நாம் போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லு சொல்லு என்று நீ என்னைப் பிடுங்கி எடுப்பாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் வேட்டு போட்டதும் குழல் வாயில் புகை இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது, நீ வெடிமருந்து டப்பாவை எடுத்து அப்படியே உள்ளே சாய்க்கிறாய். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கருமருந்து முழுசும் வாயுவாகிப் போய்விடாது, எரிந்ததில் பாதிக்கு மேல் உப்பும் கசடும்தான். கொஞ்சம் வெள்ளைப் புகையோடு போகும், மிச்சம் உள்ளே அப்பிக்கொள்ளும். அந்தக் கசடுக்கு அடியில் ஒரு பொறி, ஒரு துண்டுக் காகிதம் கனன்றுகொண்டிருந்தால் போதும், கொட்டுகிற மருந்து உன் கையில் இருக்கிற டப்பாவோடு சேர்ந்து பற்றும்.

அதனால் ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் மரக்குச்சி நுனியில் பருத்தித் துணியைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, குழலின் அடிவரை விட்டுத் திருகி எடு. கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு சேறு மாதிரி வரும். துணியை மாற்றி மறுபடி விடு, சேறு நிற்கும்வரை. அப்புறம் உலர்ந்த துணி. மருந்தை வீட்டிலேயே அளந்து சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள், டப்பா மூடியபடி தூரத்தில் இருக்கட்டும். உங்கள் அமெரிக்காவில் பீரங்கி வைத்திருப்பவர்களே ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் பத்து நிமிஷம் விடச் சொல்கிறார்கள். நம்ம கோயில் வேட்டுக்காரரை நினைத்துப் பார், இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார், வெடித்த குழாயைச் சூடு ஆறாமல் தொடமாட்டார். டெல்லியில் குடியரசு தினத்துக்கு 52 விநாடி தேசிய கீதத்துக்குள் 21 முழக்கம் கேட்கிறதே, அதுவும் பல பீரங்கிகள் மாறி மாறிச் சுடுவதால்தான். ஒற்றைக் குழலை வைத்துக்கொண்டு அந்த வேகத்துக்கு ஆசைப்படாதே.

திரி எரிந்து உள்ளே போயும் வெடிக்கவில்லையா, கிட்டே போகாதே, எட்டிப் பார்க்கவே பார்க்காதே. அரை மணி நேரம் கழித்து, பக்கவாட்டில் நின்று திரித் துளை வழியாகத் தண்ணீர் ஊற்று. சத்தம் கூடட்டும் என்று வாயில் எதையும் திணிக்காதே, கல்லோ கோலியோ கூடவே கூடாது.

மாப்பிள்ளை கார்பைடு பீரங்கி வாங்கலாம் என்கிறாராமே. நல்ல யோசனைதான், கார்பைடு தண்ணீரில் பட்டு வருகிற வாயுவை வெடிக்கவைக்கிற பொம்மை, 1907-லேயே உங்கள் பென்சில்வேனியாவில் ஒரு பேராசிரியர் காப்புரிமை வாங்கியது. ஆனால் கம்பெனி செய்த வார்ப்பிரும்புதான் வாங்க வேண்டும். 2025 தீபாவளிக்கு போபால் பக்கம் குழாயை ஒட்டிச் செய்து விற்ற கார்பைடு துப்பாக்கியால் எத்தனை பிள்ளைகளுக்குக் கண் போச்சு, செய்தியில் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

இன்னொன்று, லேத்தில் காலம் தள்ளியவன் கண்ணுக்கு உன் குழலின் பின்பக்கம் மெலிசாகத் தெரிகிறது. மருந்து உட்காருகிற இடத்தில் சுவர் குறைந்தது துளை விட்டம் அளவுக்காவது தடிமன் இருக்க வேண்டும். அலங்காரத்துக்கு வார்த்ததில் உள்ளே காற்றுக்குமிழி இருக்கலாம், மேலே பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தால் வெளியே தெரியாது. அந்த மாதிரிப் பொருளுக்கும் திரித் துளை போட்டு விற்கிறார்கள். விட்டம் அளக்கிற வெர்னியர் கருவி இல்லாவிட்டால் மாப்பிள்ளையை வாங்கிவரச் சொல். துளை விட்டம், பின்பக்க வெளி விட்டம், துளையின் ஆழம், இந்த மூன்றையும் அளந்து திரித் துளையையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறவரை மருந்து போடாதே.

அப்பா