கோமுவுக்கு அவசரமாக ஒரு கடிதம்

பாளையங்கோட்டை
மே 21

அன்புள்ள கோமு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் ஆகஸ்டில் நேரில் வைத்துக்கொள். இப்போது ஒன்றை மட்டும் கேள். ஆகஸ்டில் நம் விடுதித் தோழிகள் எல்லாரும் கூடுவதற்கென்று நீயும் எஸ்தரும் பார்த்துவைத்திருக்கிறீர்களே, திருச்செந்தூருக்குத் தெற்கே அந்தக் கடற்கரை ஓட்டல், அதற்கு முன்பணம் கட்டிவிடாதே. கட்டிவிட்டாய் என்றால் சண்டை போட்டாவது திரும்ப வாங்கு. போன வாரம் நானும் உன் அண்ணாச்சியும் அங்கேதான் தங்கிவிட்டு வந்தோம்.

நாங்களாகப் போகவில்லை. மகன் முத்து பெங்களூரில் உட்கார்ந்தபடியே பணத்தைக் கட்டி, கல்யாண நாளுக்கு என்று எங்களை அனுப்பிவைத்தான். கடலைப் பார்த்த அறை என்று அதற்குத் தனிக் கட்டணம் வேறு. போய்த் திரையை விலக்கினால் ஜெனரேட்டர் கொட்டகை. அதன் பின்னால் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் பின்னால் ஆள் உயரத்தைத் தாண்டிய மதில், மேலே கண்ணாடிச் சில்லு பதித்து. கடல் எங்கே தம்பி என்று கேட்டேன். அந்தப் பையன் என்னைப் பால்கனியின் இடது மூலைக்குக் கூட்டிப்போய், "இப்படிக் கொஞ்சம் சாய்ந்து பாருங்கள் அம்மா" என்றான். சாய்ந்தேன். ஒரு முழம் கடல் தெரிந்தது. என் இடுப்புக்கு அதற்கு மேல் பார்க்க முடியாது.

குழாயில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை. ஏசி ஒழுகி, கட்டில் காலடியில் வாளி வைத்தார்கள். பேச்சியம்மாளும் வார்டன் குடையும் நினைவுக்கு வந்து நான் தனியாகச் சிரித்தேன்; அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மீன் குழம்பு கேட்டதற்கு, "தடைக்காலம், ஐஸ் மீன்தான் இருக்கிறது" என்றார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாது என்பது விசைப்படகுகளுக்குத்தானே! வள்ளங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் சாளை ஏலம் போகிற சத்தம் என் காதில் விழுகிறது, இந்தப் பக்கம் என் தட்டில் எந்த ஊரிலிருந்தோ வந்த ஐஸ் மீன். உனக்கென்றால் தட்டு பறந்திருக்கும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். உப்புக் காற்று படுகிற இடத்தில் எதுதான் ஒழுங்காக இருக்கும்? என்னால் பொறுக்க முடியாமல் போனது அந்த மதில்தான். கடலுக்குப் போக அதில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். அது பூட்டிக் கிடந்தது. சாவி மேலாளரிடம், மேலாளர் தூத்துக்குடியில். ஆக, முன்வாசல் வழியாக வெளியே போய், தார்ச்சாலையில் நடந்து, மதில் முடிகிற இடத்தில் முள்ளுக்குள் நுழைந்துதான் கடலைத் தொட வேண்டும். எங்களோடு அந்த வழியில் ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள், நம்மைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். மதில் நிற்கிற இடத்தில்தான் முன்பு தங்கள் பாதை இருந்தது என்றாள், வலை காயப் போட்டதும் அங்கேதான். இப்போது சுமையோடு இவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டியிருக்கிறது. எங்களுக்கும் கதவு பூட்டித்தான் இருக்கிறது என்றேன். நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்து, "காசு கொடுத்தவர்களுக்குமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

உன் அண்ணாச்சிதான் ஓய்வுபெற்ற சர்வேயர் ஆயிற்றே. கல்யாண நாள் அதுவுமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலை ஒதுக்கிய பாசியிலிருந்து மதில்வரை எட்டு வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். நாற்பது எட்டுக்கூட வரவில்லை. அன்று இரவு முழுக்க எனக்குப் பாடம். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை முதலில் வந்தது 1991இல். கிராமக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது அலை ஏறி வருகிற எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதிதாக ஓட்டல் கட்டக் கூடாது என்றிருந்தது. 2019இல் மக்கள் நெருக்கம் அதிகமான கிராமங்களுக்கு அதை 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். "50 என்றே வைத்துக்கொள், அப்போதும் இவன் உள்ளே வந்துவிட்டான்" என்கிறார். வேலி போட்டாலும் ஜனங்கள் கடலுக்குப் போகிற வழியை மறிக்கக் கூடாதாம், இரண்டு ஓட்டல்களுக்கு நடுவே 20 மீட்டராவது வழி விட வேண்டுமாம். கலெக்டருக்கு மனு எழுதப் போகிறாராம். அந்த ஊர்க்காரர்கள் எத்தனை திங்கட்கிழமை மனுவோடு போய் நின்றார்களோ என்று கேட்டேன். அதற்குப் பிறகு நெடுநேரம் பேசவில்லை. ஆனாலும் எழுதுகிறார், இதோ கூடத்தில் உட்கார்ந்து இரண்டாவது தாளைக் கிழித்துப் போடுகிறார்.

மறுநாள் விடியுமுன் ஆட்டோ பிடித்து மணப்பாட்டுக்குப் போய்விட்டோம். ஏட்டி, அதுவல்லவா கடல்! 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோவில் மணல் குன்றின் மேல் நிற்கிறது. உச்சியில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். சாய்ந்து பார்க்க வேண்டியதில்லை. கீழே சவேரியார் தங்கிய குகையில் கிணறு இருக்கிறது. கடலை ஒட்டியிருந்தும் தண்ணீர் கரிக்கவில்லை. ஓட்டல் குழாயைப் பழிவாங்குகிற மாதிரி இவர் இரண்டு கை அள்ளிக் குடித்தார். அங்கே எடுத்த படத்தைத்தான் முத்துவுக்கு அனுப்பினேன். கடல் நன்றாக இருந்தது என்று எழுதினேன். ஓட்டலைப் பற்றி அவன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. ஆசையாகச் செய்த பிள்ளை. நீயும் உளறிவிடாதே.

அதனால் நான் சொல்வதைக் கேள். எல்லாரும் இங்கே பாளையங்கோட்டையில் தங்குவோம். என் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, எஸ்தர் வீட்டில் இரண்டு அறை. அதிகாலை நான்கு மணிக்கு வேன். மணப்பாட்டில் விடியலைப் பார்த்துவிட்டு உவரியில் மதியம். சுயம்புலிங்கசாமி கோவிலும் அந்தோணியார் கோவிலும் ஒரே ஊரில் இருப்பதால் உங்கள் இரண்டு கட்சிக்கும் சண்டை வராது. வரும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆகஸ்ட் முதல் வாரம் மட்டும் வேண்டாம். ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து கண்ணைத் திறக்க முடியாது. ஸ்டெல்லா குற்றாலம், சாரல் என்று ஆரம்பிப்பாள், காதில் வாங்காதே. போன முறை செருப்பைத் தேடியது போதும்.

எஸ்தரிடம் பக்குவமாகச் சொல், அந்த ஓட்டலைச் சொன்னது அவள் மருமகன். யார் யார் வருகிறார்கள் என்று இந்த மாதத்துக்குள் எழுது. வேனில் பதினேழு பேர்தான் உட்காரலாம். ஆவுடை வருவதாக இருந்தால் பதினைந்து என்று வைத்துக்கொள். அவள் பெட்டிகளுக்கு இரண்டு இடம் வேண்டும்.

உன்
இசக்கி