தம்பிக்கு, அம்மாவின் ஆட்டைத் திவசம் முடிந்த மறுநாள்

அன்புள்ள தம்பி,

நேற்று அம்மாவின் முதலாண்டுத் திவசம் முடிந்தது. போன வருடம் அந்தியேட்டிச் சடங்குக்குத் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் உன் இடத்தில் நின்ற என் மகன், உன் மருமகன்தான் நேற்றும் நின்றான். தாய்க்குக் கடன் கழிக்க இராவணனுக்கே வெந்நீர் ஊறிய இடம் என்பார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் உனக்கு அலைபேசித் திரை.

இதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். அங்கே அனுப்பினால் படித்துவிட்டு நான்கு நாள் வாய் திறக்க மாட்டாய். ஊர் பார்க்க எழுதினால் ரோஷத்துக்காவது பதில் சொல்வாய். ஊர் மட்டுமல்ல, வேறு யாரும் படிக்கக்கூடும். ஆகவே நீ ஏன் படகேறிப் போனாய், யார் ஏற்றினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். யுத்தம் முடிந்த பிறகும் நம் தெருவில் நாய் குரைத்தால் அம்மா விளக்கை அணைப்பார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த வாசற்படிதான். 2012 செப்டெம்பர். வாடை தொடங்குவதற்குள் புறப்பட வேண்டும், ஒரு பைக்கு மேல் கூடாது என்றிருந்தார்கள். அம்மா வறுத்த அரிசிமாவில் சீனி கலந்து கட்டினார், குமட்டலுக்கு ஆறு தேசிக்காய் வைத்தார். நீ ஒரு தேசிக்காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல், "வேண்டாமென்று சொல்லுங்கள் அக்கா, நின்றுவிடுகிறேன்" என்றாய்.

"கொடுத்த முற்பணம் திரும்பி வராது" என்றேன்.

நீ அந்தத் தேசிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாய்.

அது என் தாலிக்கொடியை அடகு வைத்த காசு என்று சொல்லித்தான் இவ்வளவு காலமும் மனத்தைத் தேற்றினேன். உண்மை அதுவல்ல. நீ நின்றுவிட்டால் அடுத்த இரவை எப்படிக் கழிப்பது என்ற பயம். மன்னித்துக்கொள். ஆனால் இருபத்துமூன்று வயது ஆண்பிள்ளை அந்த ஒரு சொல்லை ஏன் என் வாயிலிருந்து எதிர்பார்த்தாய்? உன் வாயில் அது இல்லையா?

நீ ஏறுமுன்பே, ஓகஸ்ட் 13இல், அவுஸ்திரேலியா கோடு கிழித்துவிட்டது. அதற்குப் பின் படகில் வருபவர்களை நவுருத் தீவு முகாமுக்கு அனுப்பலாம் என்று. காசு வாங்கியவர்கள் நமக்குச் சொன்னது "கிறிஸ்மஸுக்குள் வேலை". 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரர் நிரந்தர வதிவிடம் கேட்கலாம் என்ற செய்தி வந்தபோது அம்மா கோணேசரிடம் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். உன் பாதுகாப்பு விண்ணப்பமே மறுக்கப்பட்டது, அந்தச் செய்தி உனக்கில்லை என்பதை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் வந்த ரோஹிங்கிய அகதிகளின் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள், குழந்தைகளும். தொலைக்காட்சியில் பார்த்த அம்மா படுக்கையிலிருந்து, "தம்பி இறங்கிவிட்டானா, பார்" என்றார். இறங்கிவிட்டான் என்றேன். "அப்போ சோறு போடு" என்றார். போட்டு, அவர் கண்ணில் படும்படி மேசையில் மூடி வைத்தேன். அவர் தூங்கிய பிறகு மருமகன் எடுத்துச் சாப்பிட்டான்.

அவன்தான் இப்போது போகப்போகிறேன் என்கிறான். மண்ணெண்ணெய் இல்லாமல் அத்தானின் படகு மணலில் கிடந்த 2022இல் அவனுக்குப் பதினேழு வயது. அதிலிருந்தே இந்த ஊர் அவனுக்குக் கசந்துவிட்டது. குறை சொல்ல மனம் வரவில்லை. கனடா கனவோடு போய் வியட்நாம் கடலில் தத்தளித்த 303 பேரின் செய்தியைக் காட்டினேன். "அது பழுதான கப்பல், இது நல்ல கப்பல்" என்றான். போதாக்குறைக்கு நீ கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் படங்களை அவனுக்கு அனுப்புகிறாய். மாமா மாதிரி இருக்க வேண்டுமாம்! எந்த மாமா?

படகுக் காசுக்குக் காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டான். தர மாட்டேன் என்று நேற்று, சாப்பிட்ட இலைகளை எடுத்த கையோடு சொல்லிவிட்டேன். முற்பணம் கொடுத்துவிட்டேன் என்றான். போனால் போகட்டும் என்றேன். எழுந்து போனவன் இரவு சாப்பிடவில்லை.

இன்று உன்னை அழைப்பான். எடு. கமராவைத் திருப்பி நீங்கள் நால்வரும் பாய் விரிக்கும் அந்த அறையைக் காட்டு.

அக்கா